தீ அணைந்தது, பயம் அணைந்ததா?

2018-ம் ஆண்டு ஆகஸ்டு 8-ந்தேதி. பிற்பகல் சுமார் 2.45 மணி.

செம்பூரை அடுத்த மாகுலில் உள்ள பாரத் பெட்ரோலியம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் காதைப் பிளக்கும் வெடிச்சத்தம் கேட்டது. "ஹைடிரோ கிராக்கர்" பிரிவில் தீப்பிடித்துக் கரும்புகை எழுந்தது. அக்கம்பக்கத்து வீடுகள் அதிர்ந்தன. ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. நிலநடுக்கமோ என்று பயந்து மக்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். 40-க்கும் மேற்பட்டோர் காயம் அடைந்தனர்.

காயம்பட்டவர்களின் கணக்கு மறுநாளே பத்திரிகைகளில் வந்துவிட்டது. காயம் இல்லாமல் வீடு திரும்பியவர்களின் கணக்கு? எந்த ஆலையில் விபத்து நடந்தாலும் அந்தக் கணக்கை யாரும் எடுப்பது அரிது.

குக்கர் விசில் கேட்டாலும்...

உயிர் தப்பி வந்தவருக்கு உடம்பில் ஒரு கீறலும் இராது. ஆனால் இரவில் தூக்கம் வராது. குக்கர் விசில் அடித்தால் நெஞ்சு படபடக்கும். கணபதி பண்டிகையில் பட்டாசு வெடித்தால் உடம்பு நடுங்கும். சாப்பாட்டில் மனம் செல்லாது. மனைவி மக்கள் மேல் எரிந்து விழுவார். சிலர் பாட்டிலைத் தேடிப் போவார்கள்.

இது கோழைத்தனம் அல்ல. பெரிய ஆபத்தைக் கண்ட மனம் இப்படித்தான் நடந்துகொள்ளும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பார்ப்பது அவசியம்.

1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்தபோது, கண்ணுக்கும் நுரையீரலுக்கும் உடனே வைத்தியம் நடந்தது. மனநல டாக்டர்கள் வந்ததோ பல வாரங்கள் கழித்துத்தான். மனம் உடைந்துபோனவர்கள் ஏராளம் என்பது அப்போதுதான் தெரியவந்தது.

வாயைக் கிளறாதீர்கள்

"என்ன நடந்தது, முழுவதும் சொல்" என்று வருகிறவர் எல்லாம் கேட்பது தவறு. கட்டாயப்படுத்திச் சொல்ல வைக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவராகப் பேசினால் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். பேசாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே போதும். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, ஊரில் உள்ள தாய் தந்தைக்கு "நலமாக இருக்கிறேன்" என்று போன் செய்ய வைப்பது பெரிய உதவி.

நிர்வாகத்துக்கும் பொறுப்பு உண்டு. விபத்து ஏன் நடந்தது, மறுபடி நடக்காமல் இருக்க என்ன செய்யப்பட்டது என்பதைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். உண்மை தெரியாத இடத்தில் வதந்தி வளரும், பயமும் வளரும். அதே இடத்தில் முதல் நாளே தனியாக நிறுத்தக்கூடாது. சில நாட்கள் வேறு பிரிவில், கூடவே ஒரு ஆளைப் போட்டு வேலை கொடுக்கலாம்.

"பாஸ்" போய்விடுமோ?

கான்டிராக்ட் தொழிலாளியின் நிலைதான் பரிதாபம். "பயமாக இருக்கிறது" என்று சொன்னால் கேட் பாஸ் போய்விடும் என்று அஞ்சுகிறார். வாயை மூடிக்கொண்டு ஏணியில் ஏறுகிறார். கை நடுங்குகிறவரை உயரத்தில் ஏற்றினால் அடுத்த விபத்து அங்கேயே தொடங்கிவிடும். ஆகவே அவரது பயத்தைக் கேட்பது கருணை என்பதோடு, ஆலையின் பாதுகாப்பும் ஆகும். கம்பெனி ஆள், கான்டிராக்ட் ஆள் என்று இதில் வித்தியாசம் பார்க்கலாகாது.

2017-ம் ஆண்டு மனநல மருத்துவச் சட்டம் நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. டாக்டரிடம் சொன்னது முதலாளி காதுக்குப் போய்விடுமோ என்று தயங்க வேண்டியதில்லை. சயான் மாநகராட்சி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற "டெலி மானஸ்" அரசு தொலைபேசி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

கை ஒடிந்தால் கட்டுப் போட வெட்கப்படுகிறோமா? மனத்துக்கும் அப்படித்தான். பக்கத்து மெஷினில் நிற்கிறவர் கொஞ்ச நாளாகப் பேச்சைக் குறைத்திருந்தால், நாளைக்கு டிபன் வேளையில் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.