மட்டை பிடித்த கையில் பந்து! புனே சொல்லும் பார்ட்-டைம் பவுலர் அதிசயங்கள் தெரியுமா?

விக்கெட் விழவே மாட்டேன் என்கிறது. வேகம் போட்டுப் பார்த்தாயிற்று, சுழல் போட்டுப் பார்த்தாயிற்று. இரண்டு பேட்ஸ்மேன்களும் பாய் விரித்துப் படுக்காத குறையாக கிரீஸில் நங்கூரம் போட்டுவிட்டார்கள். அப்போதுதான் கேப்டன், மிட்விக்கெட்டில் சும்மா நிற்கும் ஒரு பேட்ஸ்மேனைப் பார்த்துக் கையசைக்கிறார். "இவரா? இவர் எப்போது பந்து வீசினார்?" என்று கேலரி முணுமுணுத்து முடிப்பதற்குள் விக்கெட்!

கிரிக்கெட்டில் இதைவிடச் சுவையான திருப்பம் வேறு உண்டா? பேட்டிங்குக்காகத் தேர்வானவர்கள் பந்தைக் கையில் எடுத்து ஆட்டத்தைப் புரட்டிப்போட்ட கதைகள் உலகமெங்கும் உண்டு. ஆனால் புனே நகரத்தில் மட்டும் எத்தனை கதைகள் குவிந்து கிடக்கின்றன என்று தெரியுமா? வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

கோலி 3 பந்து மட்டும் வீசிய ஓவர் தெரியுமா?

2023 அக்டோபர் 19. மும்பை-புனே விரைவுச்சாலையை ஒட்டிய கஹுஞ்சே ஸ்டேடியம். உலகக் கோப்பையில் வங்கதேசத்துடன் ஆட்டம். 9-வது ஓவரை வீச வந்தார் ஹர்திக் பாண்ட்யா. லிட்டன் தாஸ் நேராக அடித்த பந்தைக் காலால் தடுக்கப் போய், கணுக்கால் மடங்கி விழுந்தார். 3 பந்துகள்தான் ஆகியிருந்தன. மீதி 3 பந்துகளை யார் வீசுவது?

இங்கேதான் விதியின் சூட்சுமம் இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு ஓவர்களில் ஒரே பவுலர் வீசக் கூடாது. அதனால் 8-வது ஓவரை வீசியவர் வர முடியாது. 10-வது ஓவரை வீச வேண்டியவரும் வர முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல், வீசுவது அரை ஓவர்தான் என்றாலும் ஒரு பவுலருக்கு உரிய 10 ஓவர் கணக்கில் அது முழு ஓவராகவே கழியும்! முன்னணி பவுலர் ஒருவரை அனுப்பினால் 3 பந்துக்காக அவருடைய ஒரு ஓவரே போய்விடும்.

பந்து விராட் கோலி கைக்குப் போனது. அரங்கம் கூரை பிய்ந்து போகும் அளவுக்கு ஆர்ப்பரித்தது. ஒருநாள் போட்டிகளில் ஆறு ஆண்டுகளாகப் பந்தைத் தொடாதவர், 3 பந்துகளில் கொடுத்தது வெறும் 2 ரன்! அதோடு விட்டாரா? சேஸிங்கில் சிக்ஸர் அடித்து வெற்றியையும் தன் சதத்தையும் ஒரே அடியில் முடித்தார். அது அவருடைய 48-வது ஒருநாள் சதம்.

இடுப்பு உயரத்திலிருந்து வந்த பந்து தெரியுமா?

புனேயின் சொந்த மைந்தர் கேதார் ஜாதவ். இதே கஹுஞ்சேயில் 2017 ஜனவரியில் இங்கிலாந்துக்கு எதிராக 351 ரன் இலக்கைத் துரத்தும்போது, 63 ரன்னுக்கு 4 விக்கெட் போன நிலையில் இறங்கி, 76 பந்தில் 120 ரன் விளாசியவர். கோலியுடன் அவர் சேர்த்தது 200 ரன்கள். மகாராஷ்டிராவுக்காக ரஞ்சியில் 327 ரன் குவித்தவரும் அவரே. சுத்தமான பேட்ஸ்மேன்!

ஆனால் 2016 அக்டோபரில் தர்மசாலாவில் தோனி அவர் கையில் பந்தைக் கொடுத்தார். நியூசிலாந்தின் ஜேம்ஸ் நீஷம் அவுட். அடுத்த பந்திலேயே மிட்செல் சான்ட்னர் அவுட்! 3 ஓவர், 6 ரன், 2 விக்கெட்.

அவர் பந்து வீசும் விதத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஓடி வருவது இரண்டு மூன்று தப்படிதான். கிரீஸை நெருங்கியதும் சற்றுக் குனிவார். கை தலைக்கு மேலே போகாது. பக்கவாட்டில் சுழன்று, கிட்டத்தட்ட அம்பயரின் இடுப்பு உயரத்திலிருந்து பந்து கிளம்பும். அவ்வளவு தாழ்வாக வரும் பந்து பிட்ச்சில் பட்டு எழும்பவே எழும்பாது. எழும்பாத பந்துக்கு அடியில் மட்டையைக் கொடுத்துத் தூக்குவது எப்படி? பந்தில் வேகமும் கிடையாது. பலத்தையெல்லாம் பேட்ஸ்மேனே போட்டாக வேண்டும். அந்த அவசரத்தில்தான் விக்கெட் பறிபோகிறது.

2017 சாம்பியன்ஸ் டிராபி அரையிறுதியில் வங்கதேசத்தின் தமீம் இக்பாலும் முஷ்பிகுர் ரஹீமும் 123 ரன் சேர்த்து இந்தியாவை மிரட்டிக்கொண்டிருந்தார்கள். இருவரையுமே வெளியேற்றியவர் கேதார். 2018 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக 9 ஓவரில் 23 ரன் கொடுத்து 3 விக்கெட். அதே தொடரின் இறுதிப் போட்டியில் வங்கதேசத்தின் முதல் விக்கெட் ஜோடி 120 ரன் வரை அசையவில்லை. பிரித்தவர் யார்? மறுபடியும் கேதார்! பிறகு தொடைத் தசைப்பிடிப்பு வலியோடு நொண்டி நொண்டி ஓடி, கடைசிப் பந்தில் கோப்பையை வாங்கித் தந்தவரும் அவர்தான். ஒருநாள் போட்டிகளில் மொத்தம் 27 விக்கெட்!

புனேயில் சுருண்ட மேற்கிந்தியத் தீவுகள் தெரியுமா?

1996 பிப்ரவரி 29. புனே நேரு ஸ்டேடியம். முதன்முறையாக உலகக் கோப்பைக்கு வந்திருந்த கென்யா 166 ரன்னுக்கு ஆல் அவுட். எதிரே லாரா, ரிச்சர்ட்சன், சந்தர்பால் என்று ஜாம்பவான்கள். இருமுறை உலக சாம்பியன்! முடிவு என்ன தெரியுமா? 93 ரன்னில் மேற்கிந்தியத் தீவுகள் மூட்டை கட்டியது!

கென்ய கேப்டன் மாரிஸ் ஒடும்பே மிடில் ஆர்டர் பேட்ஸ்மேன். தன் ஆஃப் ஸ்பின்னால் 10 ஓவரில் 15 ரன் மட்டும் கொடுத்து 3 விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் ஆனார். உலகக் கோப்பையின் மாபெரும் அதிர்ச்சிகளில் ஒன்று புனேயில் நடந்தது, அதில் ஒரு பேட்ஸ்மேனின் சுழலுக்கும் பங்கு உண்டு!

இன்னொரு வியப்பு! அதே உலகக் கோப்பையின் இறுதிப் போட்டியில், லாகூரில், ஆஸ்திரேலியாவின் 3 விக்கெட்டுகளை எடுத்தது இலங்கையின் அரவிந்த டி சில்வா. பிறகு ஆட்டமிழக்காமல் 107 ரன் அடித்துக் கோப்பையை வென்று கொடுத்தவரும் அவரேதான்!

443 ரன் அடித்தவரும் பந்து வீசுவார் தெரியுமா?

1948 டிசம்பரில் புனேயில் கத்தியவாருக்கு எதிரான ரஞ்சி ஆட்டத்தில் மகாராஷ்டிராவின் பாவுசாகேப் நிம்பால்கர் ஆட்டமிழக்காமல் 443 ரன் குவித்தார். பிராட்மேனின் 452 ரன் உலக சாதனைக்கு இன்னும் 9 ரன்தான் குறைவு. எதிரணி ஆட்டத்தையே விட்டுக்கொடுத்துக் கிளம்பிவிட்டது! சாதனை கைநழுவியது. அந்த நிம்பால்கர் மிதவேகப் பந்தும் வீசுவார் என்பது பலருக்கும் தெரியாத செய்தி.

புனேயில் பிறந்த ஹிருஷிகேஷ் கனிட்கரையும் மறக்க முடியுமா? 1998 டாக்கா இறுதிப் போட்டியில் சக்லைன் முஷ்தாக்கை பவுண்டரிக்கு விரட்டி பாகிஸ்தானை வென்ற அந்த இடக்கை பேட்ஸ்மேன், வலக்கையால் ஆஃப் ஸ்பின் வீசி ஒருநாள் போட்டிகளில் 17 விக்கெட் எடுத்தவர்!

நம்ம சீக்காவின் பத்து விக்கெட் தெரியுமா?

புனேக்கு வெளியேயும் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம். 'சீக்கா' கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் என்றால் சிக்ஸர்தான் ஞாபகம் வரும். 1988 டிசம்பரில் நியூசிலாந்துக்கு எதிராக விசாகப்பட்டினத்தில் 27 ரன்னுக்கு 5 விக்கெட், கூடவே பேட்டிங்கில் 70 ரன். அதே தொடரில் இந்தூரில் 32 ரன்னுக்கு மறுபடி 5 விக்கெட்! 146 ஒருநாள் போட்டிகளில் அவர் எடுத்த மொத்த விக்கெட் 25. அதில் 10 விக்கெட் இந்த இரண்டே ஆட்டங்களில் வந்தவை!

சச்சினோ இன்னும் ஒரு படி மேலே. ஒருநாள் போட்டிகளில் 154 விக்கெட்! 1993 ஹீரோ கோப்பை அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவுக்குக் கடைசி ஓவரில் 6 ரன் தேவை. ஈடன் கார்டனில் பந்தைக் கேட்டு வாங்கி, 3 ரன் மட்டும் கொடுத்து இந்தியாவை இறுதிப் போட்டிக்கு அழைத்துச் சென்றார்.

புனேக்குப் பக்கத்து ஊரான மும்பையில் 2004-ல் நடந்த டெஸ்டில் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கிளார்க் எடுத்தது 9 ரன்னுக்கு 6 விக்கெட். ஆமாம், ஒன்பதே ரன்!

29 ரன் போன ஓவரும் தெரியுமா?

எல்லா நாளும் தீபாவளி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2013 ஐ.பி.எல்.லில் பெங்களூருவில் கிறிஸ் கெய்ல் ஆட்டமிழக்காமல் 175 ரன் அடித்த அந்த ஆட்டம். எதிரணி புனே வாரியர்ஸ். வழி தெரியாமல் கேப்டன் ஆரோன் ஃபின்ச் தானே பந்தைக் கையில் எடுத்தார். ஒரே ஓவரில் 29 ரன் பறந்தது!

அந்த ஆட்டத்தின் கடைசி ஓவரை வீசியவர் யார் தெரியுமா? அதே கெய்ல்! 5 ரன் கொடுத்து 2 விக்கெட்! ஒரே ஆட்டத்தில் ஒரு பேட்ஸ்மேனின் பந்து அடி வாங்கியது, இன்னொரு பேட்ஸ்மேனின் பந்து விக்கெட் வாங்கியது. இந்தத் துணிச்சல்தான் பார்ட்-டைம் பவுலிங்கின் உயிர்.

பத்து விக்கெட்டும் சென்னைக்கே வந்த நாள் தெரியுமா?

அண்டர்-19 நாட்களில் டாப் ஆர்டர் பேட்ஸ்மேன் என்று அறியப்பட்டவர் சென்னைப் பையன் வாஷிங்டன் சுந்தர். 2017-ல் காயமடைந்த அஸ்வினுக்குப் பதிலாக ரைசிங் புனே சூப்பர்ஜெயன்ட் அணிக்குப் போனபோது வயது 17. பிளே-ஆஃபில் மும்பைக்கு எதிராக 16 ரன்னுக்கு 3 விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் ஆனார்.

ஏழு ஆண்டுகள் கழித்து, 2024 அக்டோபர் 24. அதே புனேயின் மைதானம், நியூசிலாந்துடன் டெஸ்ட். மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக டெஸ்ட் ஆடாமல் இருந்து அணிக்குத் திரும்பியிருந்த வாஷிங்டன், 59 ரன்னுக்கு 7 விக்கெட் அள்ளினார். அதில் 5 பேர் கிளீன் போல்டு! மீதி 3 விக்கெட் அஸ்வினுக்கு. பத்துக்குப் பத்தும் இரண்டு தமிழக ஆஃப் ஸ்பின்னர்களின் கணக்கில்! ஆட்டத்தை இந்தியா இழந்தாலும் அந்த நாளை மறக்க முடியுமா? இன்று அவர் முழு ஆல்ரவுண்டர். பேட்டோடு வந்த பையனிடம் பந்தையும் கொடுத்துப் பழக்கினால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இறுதிப் போட்டியில் ஹெட் வீசிய 2 ஓவர் தெரியுமா?

இப்போது கஹுஞ்சேயின் அந்த 3 பந்துகளுக்குப் பின்னால் இருந்த கவலைக்கு வருவோம். அன்று காயமடைந்த ஹர்திக் அந்த உலகக் கோப்பையில் மறுபடி ஆடவே இல்லை. இந்தியாவின் ஆடும் பதினொருவரில் மிஞ்சியது சரியாக 5 பவுலர்கள். டாப் ஆர்டரில் தொடர்ந்து பந்து வீசக்கூடியவர் ஒருவரும் இல்லை. பெங்களூருவில் நெதர்லாந்துக்கு எதிராக மட்டும் 9 பேர் வீசிப் பார்த்தார்கள். கோலிக்கும் ரோஹித்துக்கும் ஆளுக்கொரு விக்கெட்டும் கிடைத்தது!

ஆனால் சரியாக ஒரு மாதம் கழித்து, நவம்பர் 19, அகமதாபாத் இறுதிப் போட்டி. ஆஸ்திரேலியாவின் டிராவிஸ் ஹெட்டும் லபுஷேனும் 192 ரன் சேர்த்தபோது, அந்த ஐவருக்கு மேல் ஆறாவது கை ஒன்று வரவில்லை. அதே நாளில் ஆஸ்திரேலியா என்ன செய்தது தெரியுமா? ஹெட் 2 ஓவரில் 4 ரன். மிட்செல் மார்ஷ் 2 ஓவரில் 5 ரன். மேக்ஸ்வெல் 6 ஓவர் வீசி ரோஹித் சர்மாவின் விக்கெட்டையே எடுத்தார். ஆக, பேட்டிங்குக்குப் பெயர் போன மூவர் சேர்ந்து 10 ஓவர்! இந்தியா 240 ரன்னில் அடங்கியது.

சச்சின், சேவாக், யுவராஜ், ரெய்னா என்று பந்து வீசத் தெரிந்த பேட்ஸ்மேன்கள் வரிசைகட்டி நின்ற அணி நம்முடையது. 2011 உலகக் கோப்பையில் யுவராஜ் மட்டும் 15 விக்கெட் எடுத்துத் தொடர் நாயகன் ஆகவில்லையா? 2023 முதல் ஐ.பி.எல்.லில் வந்த இம்பாக்ட் பிளேயர் விதியால், பேட்ஸ்மேனை எடுத்துவிட்டு ஒரு பவுலரை இறக்கிக்கொள்ளலாம். பேட்ஸ்மேன் பந்து வீச வேண்டிய தேவையே அங்கே குறைகிறது. அந்தத் தேவை குறைந்தால் பழக்கமும் குறையும். பழக்கம் போனால் இறுதிப் போட்டியன்று கேப்டன் தேடும்போது கை இருக்காது.

ஆகவே பயிற்சியாளர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். "நீ பேட்ஸ்மேன், உனக்கெதுக்குப் பந்து?" என்று பிள்ளைகளைத் தடுக்காதீர்கள். பேட் செய்து முடித்ததும் நெட்டில் இரண்டு ஓவராவது வீசச் சொல்லுங்கள். எந்தப் பந்து தனக்கே எரிச்சல் மூட்டுகிறது என்று ஒரு பேட்ஸ்மேனுக்குத் தெரிவதுபோல் வேறு யாருக்குத் தெரியும்? அதையே எதிரணிக்கு வீசிப் பழகட்டும். அடுத்த கேதார் ஜாதவ் உங்கள் தெருவிலேயே இருக்கலாம்!