குழந்தையின் இருதய முணுமுணுப்பு

குழந்தையின் இருதயத்தில் முணுமுணுப்புக் கேட்கிறதென வைத்தியர் கூறியதும் பெற்றார் கலங்குதல் இயல்பே. முணுமுணுப்பென்பது ஓர் ஒலி. அதுவே நோயன்று என்பதை நாம் முதற்கண் உணர்தல் வேண்டும். குருதி சுழித்தோடுகையில் எழும் அவ்வொலி குறையற்ற இருதயத்திலும் கேட்கும். கருவிலே திறந்திருந்த நாளம் பிறந்த சில நாள்களில் மூடிக்கொள்ள, அதன் ஒலியும் பெரும்பாலும் மறையும். கீழறைகளுக்கிடையேயுள்ள சிறு துவாரங்கள் பலவும் தாமாகவே அடைபடுவன. ஆயினும், எது எத்தகையதென வைத்தியரே ஆராய்ந்து துணிதல் வேண்டும். இன்று ஒலியலைப் படத்தினால் இருதயத்தின் அமைப்பை நோவின்றிக் காணலாம்.

குறையுள்ள இருதயத்திற்கும் பரிகாரமுண்டு. 1938இல் பொஸ்ரன் நகரில் றொபேட் குறொஸ் மூடாத நாளத்தைக் கட்டிச் சிறுமியொருத்தியைக் குணப்படுத்தினார். 1944இல் பால்ரிமோரில், ஹெலன் ரௌசிக் அம்மையாரின் எண்ணத்தையொட்டி, அல்பிரட் பிளலொக் நீலம்பாரித்த குழந்தைக்குச் சத்திரசிகிச்சை செய்தார். அன்று தொடங்கிய வழி இன்று பெருவழியாயிற்று.

பால் குடிக்கையில் வியர்த்தல், மூச்சிரைத்தல், நிறை கூடாமை, உதடு நீலம்பாரித்தல் என்பன தோன்றின் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். தீதற்ற ஒலியெனத் தெளிந்தபின் குழந்தையை நோயாளியெனப் பொத்தி வளர்த்தல் தகாது; அது பிற பிள்ளைகளைப்போல் ஓடி விளையாடட்டும்.

கிரகணத்தையும் சாதகத்தையும் காட்டித் தாயைப் பழிப்போர் நம்மிடையே இன்னும் உளர். அப்பழிக்கு ஆதாரம் யாதுமில்லை. தந்தையும் உடன்சென்று, ஒலியின் காரணம் யாது, மீண்டும் எப்போது வருதல் வேண்டும், எவற்றைக் கவனித்தல் வேண்டும் என மூன்றையும் கேட்டறிந்து வருவாராயின், வீட்டாரின் அச்சத்திற் பாதி அன்றே நீங்கும்.