தண்டவாளம் இல்லாத இரயில் நிலையம்

நான் ஜுருவில் பிறந்து வளர்ந்தவன். கோலாலம்பூரில் படித்த காலத்தில், விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும்போதெல்லாம் அறைத் தோழர்கள் என் பயணச்சீட்டைப் பார்த்துக் கேட்பார்கள்: "பினாங்குக்குப் போறேன்னு சொல்ற, சீட்டுல பட்டர்வொர்த்னு இருக்கே?" பினாங்குத் தீவுக்கு இரயில் போகாது என்று நான் விளக்குவேன். ஆனால், இரயில் போகாத அந்தத் தீவிலும் ஓர் இரயில் நிலையம் இருந்தது என்பதை அவர்கள் நம்பியதே இல்லை. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

சிறுவயதில் ஒரு தைப்பூசத்தன்று தாத்தா என்னைப் பெரியில் தீவுக்கு அழைத்துச் சென்றார். துறையில் இறங்கியதும் கடற்கரைச் சாலையில் மணிக்கூண்டுடன் நின்ற பெரிய வெள்ளைக் கட்டடத்தைக் காட்டி, "இதுதான்யா எங்க ஸ்டேஷன்" என்றார். தண்டவாளத்தைத் தேடினேன்; காணவில்லை. "ரயில் எங்கே தாத்தா?" என்று கேட்டேன். "ரயில் நம்ம பக்கம், பிறையில நிக்கும். சீட்டு மட்டும் இங்கே" என்றார்.

ஏன் இந்த ஏற்பாடு?

நம் நாட்டின் முதல் இருப்புப்பாதை 1885இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. ஈயத்தைத் துறைமுகத்திற்குக் கொண்டு செல்வதே அதன் நோக்கம். பின்னர் பிரிந்து கிடந்த பாதைகள் ஒன்றாக இணைக்கப்பட்டன. 1903இல் பிறையிலிருந்து சிரம்பான் வரையும், 1909இல் ஜோகூர் பாரு வரையும் தொடர்ந்து பயணம் செய்ய முடிந்தது. 1918இல் வடக்குப் பாதை பாடாங் பெசாரில் சயாம் இரயிலுடன் இணைந்தது.

இத்தனை நீளமான பாதையின் வடமுனை கடலோரத்தில் பிறையில் நின்றுவிட்டது. அக்கரையிலோ வணிகமும் கப்பல் துறையும் நிறைந்த ஜோர்ஜ்டவுன். ஆகவே இரயில்வே நிர்வாகம் தீவிலேயே ஒரு நிலையத்தைக் கட்டியது. 1907இல் எழுந்த அக்கட்டடத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு, பயணிகள் துறைக்கு நடந்து, படகில் நீரிணையைக் கடந்து, பிறையில் இரயில் ஏறினார்கள். அதே கட்டடம் இன்று சுங்கத் துறையின் அலுவலகமாக, விஸ்மா கஸ்தாம் என்ற பெயரில் நிற்கிறது.

இது உலகில் நமக்கு மட்டும் உரிய வேடிக்கை அன்று. இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் டார்ட்மத் என்ற ஊருக்கும் இப்படியே ஓர் இரயில் நிலையம் இருந்தது. இருப்புப்பாதை 1864இல் ஆற்றின் எதிர்க்கரையான கிங்ஸ்வேர் வரை வந்து நின்றது. டார்ட்மத் மக்கள் படகில்தான் போய் இரயில் ஏறினார்கள். அந்த நிலையமும் ஒரு நாளும் இரயிலைக் கண்டதில்லை.

பிறையிலிருந்து பட்டர்வொர்த்துக்கு

பட்டர்வொர்த் பிறை ஆற்றின் வடகரையில் உள்ளது. பழைய இரயில் நிலையம் தென்கரையில் இருந்தது. 1967இல் ஆற்றின் குறுக்கே இரயில் பாலம் அமைந்தது. ஆற்றில் படகுகள் போய்வர வேண்டும் என்பதால், நடுப்பகுதி பக்கவாட்டில் திரும்பி வழிவிடும் சுழல் பாலமாக அதைக் கட்டினார்கள். பயணிகள் இரயில் பாலத்தைக் கடந்து பட்டர்வொர்த் பெரித் துறைக்கு அருகிலேயே வந்து நின்றது. பிறை நிலையம் பயணிகளை இழந்தது.

தாத்தா பிறையில் தண்டவாளம் பராமரிக்கும் குழுவில் வேலை செய்தவர். அவருடன் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்களே. கட்டைகளைத் தூக்கிப் போட்டவர்கள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்களும் அவர்கள் பிள்ளைகளும். நிலைய அதிகாரிகளாகவும் கிராணிமார்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் இருந்தனர். நாகப்பட்டினத்திலிருந்து 'ரஜூலா' போன்ற கப்பல்களில் பினாங்கில் வந்து இறங்கிய எத்தனையோ குடும்பங்கள் தோட்டங்களுக்குப் போக இரயில் ஏறிய இடமும் பிறைதான்.

அதே பாதைக்கு இன்னொரு முகமும் உண்டு. 1943இல் ஜப்பானியர் சயாம்–பர்மா இரயில்பாதைக்கு மலாயாத் தமிழர்களை ஆயிரக்கணக்கில் கொண்டு சென்றார்கள். தெற்கிலிருந்து அவர்களை ஏற்றி வந்த வண்டிகள் புக்கிட் மெர்தாஜாம் சந்திப்பைக் கடந்துதான் வடக்கே போயின. தாத்தாவின் அண்ணன் அப்படிப் போனவர், திரும்பவில்லை. அவரைப் பற்றித் தாத்தா அதிகம் பேசியதில்லை. புக்கிட் மெர்தாஜாமில் வண்டி நிற்கும்போது மட்டும் சன்னல் வழியே வடக்கே பிரியும் பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்றைய சேவை

நான் படித்த காலத்தில் கோலாலம்பூரில் இரவு ஏறினால் விடிந்த பிறகுதான் பட்டர்வொர்த்தில் இறங்குவோம். ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை இரட்டைத் தண்டவாளம் போட்டு மின்மயமாக்கிய பின், 2015 முதல் இ.டி.எஸ். மின்இரயில் வடக்கே ஓடுகிறது. இப்போது கோலாலம்பூர்–பட்டர்வொர்த் பயணம் ஏறத்தாழ நான்கு மணி நேரம். அதே ஆண்டில் கொமுட்டர் சேவையும் வந்தது. பட்டர்வொர்த்தில் புறப்படும் கொமுட்டர், புக்கிட் தெங்கா, புக்கிட் மெர்தாஜாம் ஆகிய நிலையங்களைக் கடந்ததும் இரண்டு திசைகளில் பிரிகிறது: ஒன்று சுங்கை பட்டாணி, அலோர் ஸ்டார் வழியாகப் பாடாங் பெசாருக்கு, மற்றது சிம்பாங் அம்பாட், நிபோங் திபால் வழியாகப் பேராக்கிற்கு. ஜுருவாசிகளாகிய எங்களுக்கு அருகில் உள்ளது புக்கிட் தெங்கா நிலையம். பட்டர்வொர்த்திலிருந்து நேராகப் பாங்காக் சென்ற இரயில் மட்டும் 2016இல் நின்றுவிட்டது. இப்போது பாடாங் பெசாரில் மாறி ஏற வேண்டும்.

தீவிலிருந்து நீரிணையைக் கடந்து பட்டர்வொர்த்தை எட்டும் முத்தியாரா எல்.ஆர்.டி. திட்டத்தின் பணி 2025 சனவரியில் தொடங்கப்பட்டது. அது நிறைவேறினால், 1907இல் படகை நம்பிக் கட்டிய நிலையம் இருக்கும் ஊருக்கு அக்கரையிலிருந்து உண்மையிலேயே தண்டவாளம் வந்து சேரும்.

மாணவ நண்பர்களே, ஜோர்ஜ்டவுனுக்குச் செல்லும் சுற்றுப்பயணிகள் அந்த மணிக்கூண்டைப் படம் பிடிக்கிறார்கள். பிடிக்கட்டும். ஆனால் அந்த நிலையத்திற்கு உயிர் கொடுத்த வேலை இக்கரையில், பிறையில் நடந்தது. அதைச் செய்தவர்களின் பெயர்களை எந்தக் கட்டடமும் தாங்கி நிற்கவில்லை. அவை நம் வீட்டுப் பெரியவர்களின் நினைவில்தான் உள்ளன. நான் கேட்டு எழுதி வைக்கத் தொடங்கியபோது தாத்தா இல்லை. பாட்டி சொன்னதைத்தான் எழுதினேன். அடுத்த விடுமுறைக்கு இரயில் ஏறி ஊருக்குப் போகும்போது ஒரு குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். கேட்க வேண்டியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.