பனித்துளியும் படக்கருவியும்

மலைநாட்டில் வாழ்வோருக்கு நீர்த்துளி புதுமையான பொருளன்று. நுவரெலியாவிலோ ஹற்றனிலோ விடியற்காலையில் தேயிலைச் செடிகளினூடே பத்தடி நடந்தால் உடை நனைந்துவிடும். ஆயினும் அத்துளிகளைப் படம்பிடிக்கப் பழகிய பின்னரே, அவற்றை நாம் அதுவரை சரியாகப் பார்த்ததில்லை என்பது புலனாயிற்று.

காலையில் இலைகளில் மின்னுவன யாவும் பனித்துளிகள் அல்ல. ஸ்ட்ரோபரி இலையின் பற்கள்தோறும் வரிசையிட்டு நிற்கும் துளிகளைப் பாருங்கள். அவை காற்றின் ஈரம் குளிர்ந்து படிந்தவையல்ல. இரவில் வேர்கள் மேலே செலுத்திய நீர், இலை விளிம்பின் நுண்துளைகள் வழியே கசிந்து வந்தது. புல் நுனியில் தனித்து நிற்கும் துளியும் பெரும்பாலும் இவ்வினத்ததே.

விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. கையடக்கத் தொலைபேசியும், அதன் கமராவின்மேல் பொருத்தும் சிறு உருப்பெருக்கும் வில்லையும் போதும். காற்று எழுமுன் சென்று, முழங்கையை நிலத்தில் ஊன்றி, மூச்சை அடக்கிப் படமெடுத்தல் வேண்டும். இம்மியளவு அசைந்தாலும் தெளிவு போய்விடும். அறுபது படங்களில் இரண்டு தேறினால் அது நல்ல காலை. (அட்டைக்கடி இக்கணக்கில் சேராது.)

துளியும் ஒரு வில்லையே. அதன் பின்னாலுள்ள மலையும் மரமும் அதற்குள் தலைகீழாகத் தெரியும். ஆகவே துளியின் மேற்பரப்பை விடுத்து, உள்ளே தெரியும் உருவத்தையே தெளிவாக்க முயலவேண்டும். கிளிசரின் கலந்த நீரைத் தெளித்துத் துளிகளை உண்டாக்குவோரும் உளர். அதில் நமக்கு உடன்பாடில்லை.

விழும் துளியைப் பிடிப்பது வேறொரு வித்தை. ஆங்கிலேயப் பௌதிகப் பேராசிரியர் ஆதர் வேதிங்ரன், இருட்டறையில் மின்பொறி வெளிச்சத்தில் துளி தெறிப்பதைக் கண்டு, பல்லாண்டுகள் கையால் வரைந்துவந்தார். வரைந்தவை பெரும்பாலும் பிசகற்ற சமச்சீர் உருவங்கள். 1894 இல் அவற்றைப் புகைப்படமாக எடுத்தபோதோ, தெறிப்புகள் கோணலும் மாணலுமாக இருந்தன! கண் கண்டதை மனம் திருத்தியிருந்தது. அமெரிக்கரான ஹரோல்ட் எட்ஜர்ட்டன் 1957 இல் எடுத்த பால்துளிக் கிரீடப் படம் உலகப் புகழ் பெற்றது.

நமது மலைநாட்டுக்கும் புகைப்படக் கலையில் ஓர் இடமுண்டு. புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கமரூன் அம்மையார் 1875 இல் இலங்கைக்கு வந்து, இந்நாட்டு எளிய மக்களின் முகங்களைக் கண்ணாடித் தகடுகளிற் பதித்தார். 1879 இல் காலமான அவரது கல்லறை பொகவந்தலாவைத் தேவாலயத்தில் இருக்கிறது. அவர் காலத்தில் ஒரு படத்துக்கு நெடுநேரம் அசையாதிருத்தல் வேண்டும். விழும் துளி அதிற் சிக்காது, முகங்கள் சிக்கின.

நாமோ துளிக்குள் பச்சை மலை மட்டுமே தெரியவேண்டுமென விரும்பினோம். ஹற்றனுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தில், லயத்தின் தகரக்கூரை படத்தில் விழாதிருக்க மூன்றடி இடப்புறம் தள்ளிப் படுத்துப் படமெடுப்போம். அத்தோட்டத்து மாணவன் ஒருவன் அப்படங்களைப் பார்த்தான். தொலைபேசியைத் தலைகீழாகத் திருப்பி மீண்டும் உற்றுப் பார்த்துவிட்டு, “மலை இருக்கு, ரோட்டு இருக்கு. எங்க லயத்தக் காணோமே, சேர்?” என்றான்.

மறுநாள் விடியுமுன் அவனையும் அழைத்துக்கொண்டு சென்றோம். அந்த மூன்றடியைத் திரும்பி வந்து, அவனே படுத்து எடுத்தான். துளிக்குள் தகரக்கூரை, அடுப்புப் புகை, கொழுந்துக் கூடையுடன் வாசலில் நின்ற அவன் தாயார், எல்லாம் தலைகீழாக இருந்தன. படம் ஒரு பக்கம் சற்றே மங்கல். அதை நாம் அழிக்கவில்லை.