இறக்கையின் நிழலில் ஒரு வாரம்

சொந்த விமானத்தில் பறந்து வந்து, அதன் பக்கத்திலேயே கூடாரம் அடித்துத் தங்க ஆஷ்காஷில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடுகிறார்கள். வந்து சேர்வதும் திரும்பிப் போவதும்தான் கஷ்டம்.

ஜூலை மாதக் கடைசி. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ரிப்பன் என்கிற சிற்றூர். அதற்கு மேலே 1,800 அடி உயரத்தில் குட்டி விமானங்கள் ரேஷன் கடை வரிசை போல ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கின்றன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் அரை மைல் இடைவெளி. வேகம் 90 நாட், அதாவது மணிக்கு 167 கி.மீ. யாரும் யாரையும் முந்தக் கூடாது. கீழே ஒரு ரயில் தண்டவாளம். அதைப் பிடித்துக்கொண்டே வடகிழக்கே போனால் ஃபிஸ்க் என்ற குக்கிராமம். அங்கே தரையில் விமானக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சிலர் பைனாகுலருடன் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "நீல நிற ஹை விங், இறக்கையை ஆட்டுங்கள்" என்கிறது ரேடியோ. விமானி வாய் திறக்கக் கூடாது. இறக்கையை ஆட்ட வேண்டும், அவ்வளவுதான். எந்த ஓடுபாதை என்று சொல்லிவிட்டு அதிகாரி அடுத்த விமானத்துக்குப் போய்விடுகிறார்.

உலகின் மற்ற விமான நிலையங்களில் விமானியும் கட்டுப்பாட்டு அதிகாரியும் ஒவ்வொரு வார்த்தையையும் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்வார்கள். இங்கே அதற்கு நேரமில்லை. ஆஷ்காஷ் நகரின் விட்மன் விமான நிலையம் வருடத்தில் 51 வாரம் சாதாரண ஊர்ப்புற விமான நிலையம். மிச்சமுள்ள ஒரு வாரம் உலகிலேயே அதிக நெரிசலான கண்ட்ரோல் டவர் அங்கேதான் இருக்கிறது. 2023-ல் திருவிழாவை ஒட்டிய 11 நாளில் இங்கு ஏறியும் இறங்கியும் போன கணக்கு 21,000-ஐத் தாண்டியது.

எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் என்ற அமைப்பு (சுருக்கமாக இ.ஏ.ஏ.) நடத்தும் இந்த விழாவுக்கு இப்போதைய பெயர் ஏர்வென்ச்சர். 2024-ல் வந்தவர்கள் 6,86,000 பேர் என்று அமைப்பு கணக்குச் சொன்னது. 10,000-க்கும் அதிகமான விமானங்கள் ஆஷ்காஷிலும் சுற்றுப்புற விமான நிலையங்களிலும் வந்து இறங்கின. இதை 'விமானக் கண்காட்சி' என்று மொழிபெயர்ப்பது வழக்கம். பாதிதான் சரி. அமெரிக்கர்கள் இதற்கு வைத்திருக்கும் பழைய பெயர் ஃப்ளை-இன். பறந்து வந்து கூடுவது என்று பொருள். புஷ்கர் சந்தைக்கு ஒட்டகத்தோடு வருகிறவர்கள் அதன் பக்கத்திலேயே படுத்துக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. ஒட்டகத்துக்குப் பதில் செஸ்னா.

தொடக்கம் எளிமையானது. மில்வாக்கி நகரில் 1953 ஜனவரியில் பால் போபெரெஸ்னி என்ற ராணுவ விமானி, வீட்டில் சொந்தமாக விமானம் செய்ய ஆசைப்பட்ட சிலரைக் கூட்டி இந்தச் சங்கத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு செப்டம்பரில் நடந்த முதல் கூட்டத்துக்கு 150 பேர்கூட வரவில்லை. சில வருடங்களுக்குப் பிறகு, ஒரு பிரபல தொழில்நுட்பப் பத்திரிகையில், 800 டாலருக்குள் ஒரு விமானம் கட்டுவது எப்படி என்று அவர் தொடர் கட்டுரை எழுதியபோது உறுப்பினர்கள் குவிந்தார்கள். 1959-ல் விழா இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டுக்குப் போனது. 1970-ல் ஆஷ்காஷுக்கு வந்தது. அதற்குப் பிறகு நகரவில்லை. கொரோனா காரணமாக 2020-ல் மட்டும் நடக்கவில்லை. 2013-ல் இறக்கும்போது போபெரெஸ்னிக்கு வயது 91.

இங்கே பறந்து வர நினைப்பவர் முதலில் படிக்க வேண்டியது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. ஆண்டுதோறும் வெளியிடும் அறிவிப்பு. அது ஒரு சிறு புத்தகம். எந்த ஏரியைச் சுற்றிக் காத்திருக்க வேண்டும், எந்த உயரத்தில் எந்த வேகம், தரை இறங்கியதும் கண்ணாடியில் ஒட்ட வேண்டிய அட்டையில் என்ன எழுத்து எல்லாம் அதில் இருக்கிறது. முகாமிட வருபவருக்கு ஒரு குறியீடு, நிறுத்திவிட்டு ஹோட்டலுக்குப் போகிறவருக்கு வேறொன்று. பழங்கால விமானங்களுக்கும் வீட்டில் கட்டிய விமானங்களுக்கும் தனித்தனிப் பேட்டைகள். படிக்காமல் வருகிறவர்களும் உண்டு. வரிசை கலைவது பெரும்பாலும் அவர்களால்தான். 2018-ல் மோசமான வானிலையால் முந்தின நாள் வர முடியாமல் போனவர்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாகக் கிளம்பி வந்ததில், ஏரிகளுக்கு மேலே சுற்றிச் சுற்றி எரிபொருள் தீர்ந்துவிடுமோ என்ற நிலை. அதன் பிறகு, வரிசையை ரிப்பனுக்கு முன்பாகவே, இன்னும் தொலைவிலிருந்து தொடங்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள்.

கடைசிக் கட்டம்தான் வேடிக்கை. ஓடுபாதையின் மேல் பெரிய பெரிய வண்ணப் பொட்டுகள் வரைந்திருக்கும். ஒருவரைப் பச்சைப் பொட்டில் இறங்கச் சொல்வார்கள். பின்னால் வருபவரை ஆரஞ்சுப் பொட்டில். முதல் விமானம் ஓடுபாதையை விட்டு வெளியேறும் முன்பே அடுத்தது அதே ஓடுபாதையைத் தொட்டுவிடும். வேறெங்காவது இப்படிச் செய்தால் லைசென்ஸ் போய்விடும். இங்கே எஃப்.ஏ.ஏ. சிறப்பு விலக்கு அளித்திருக்கிறது. போதாததற்கு, பிரதான ஓடுபாதைக்கு இணையாக இருக்கும், விமானங்கள் ஊர்ந்து போவதற்கான பாதையையே இந்த வாரம் இன்னொரு ஓடுபாதையாக மாற்றிவிடுகிறார்கள். நாடு முழுவதிலிருந்தும் இதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டு, பளிச்சென்ற பிங்க் சட்டையில் வரும் அதிகாரிகளுக்கு இந்த வேலை கிடைப்பது கௌரவம்.

அந்தக் கௌரவத்துக்கு யார் பணம் கொடுப்பது என்று 2013-ல் தகராறு வந்தது. அமெரிக்க அரசின் செலவுக் குறைப்பைக் காட்டி, அதிகாரிகளின் பயணச் செலவு, கூடுதல் நேரச் சம்பளம் எல்லாமாகச் சுமார் நாலரை லட்சம் டாலரை இ.ஏ.ஏ.-யே கட்ட வேண்டும் என்றது எஃப்.ஏ.ஏ. விழா நெருங்கிவிட்டது, அதிகாரிகள் இல்லாமல் விழா இல்லை. எதிர்ப்பைத் தெரிவித்துக்கொண்டே பணத்தைக் கட்டிவிட்டு, நீதிமன்றத்துக்கும் போனது அமைப்பு. அடுத்த ஆண்டு பல வருட ஒப்பந்தத்தில் சமாதானம் ஆனது. எரிபொருள் வரி கட்டுகிறோமே, இந்தச் சேவை அதற்குள் அடங்காதா என்ற விமானிகளின் கேள்விக்கு மட்டும் தெளிவான பதில் வரவில்லை.

இறங்கிய விமானம் புல்வெளிக்கு வருகிறது. தொண்டர்கள் கையசைத்து வழிகாட்டி வரிசையில் நிறுத்துகிறார்கள். எஞ்சின் நின்றதும் முதல் வேலை கூடாரம் அல்ல. விமானத்தைக் கட்ட வேண்டும். மாட்டைக் கட்டுவது போலத்தான்: இரண்டு இறக்கைக்கும் வாலுக்கும் தரையில் முளை அடித்துக் கயிறு. முளையும் கயிறும் விமானியே கொண்டுவர வேண்டும். இதைச் சில்லறை விஷயமாக நினைப்பவர்களுக்கு ஃப்ளோரிடா மாநிலத்தின் லேக்லாண்ட் ஒரு பாடம். 2011 மார்ச் 31 அன்று அங்கே நடந்துகொண்டிருந்த இதே போன்ற விழாவில் புயல் புகுந்தது. ஈர மணலில் திருகி வைத்த முளைகள் பிடுங்கிக்கொண்டு வர, பல டஜன் விமானங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்ந்தன. காற்று அடிக்கும்போது இறக்கைக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது பறக்கப் பார்க்கும்.

ஆஷ்காஷிலும் மழை விட்டுவைப்பதில்லை. 2010-ல் விழாவுக்கு முன் கொட்டிய மழையில் புல்வெளி சேறாகி, வந்த விமானங்களை நிறுத்த இடமின்றிப் பக்கத்து ஊர்களுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அந்த ஆண்டுக்கு 'ஸ்லாஷ்காஷ்' என்று பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. சளசளக்கும் சேறு என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ஊர் பெயரோடு ஒட்டிய சிலேடை. தமிழில் சேறுகாஷ் என்று வைத்துக்கொள்ளலாம்.

கூடாரம், படுக்கை, அடுப்பு, ஐஸ் பெட்டி என்று ஆசைப்பட்டதையெல்லாம் எடுத்து வர முடியாது. இங்கே அதிகமாகக் கண்ணில் படும் செஸ்னா 172-ன் கணக்கைப் பாருங்கள். நாலு பேர் உட்காரலாம் என்பது விளம்பரம். புதிய மாடலின் உச்ச எடை 1,157 கிலோ. வெறும் விமானத்தைக் கழித்தால் மிச்சம் சுமார் 400 கிலோ. டாங்க் நிறைய எரிபொருள் போட்டால் அதில் 145 கிலோ போய்விடும். மிச்சத்தில் இரண்டு பெரியவர்கள், ஒரு கூடாரம், கொஞ்சம் மூட்டை முடிச்சு. பின்பக்கச் சாமான் அறையில் 54 கிலோவுக்கு மேல் வைக்கக் கூடாது. மீறினால் வால் கனத்து, விமானம் சொன்ன பேச்சைக் கேட்காது. அதனால் மடக்கு நாற்காலி வேண்டுமா, இன்னும் அரை மணி நேரத்துக்கான எரிபொருள் வேண்டுமா என்று தராசு வைத்து யோசிக்கிறார்கள்.

விமானத்தின் அருகில் முகாமிடுபவர்களும் காரில் வந்து முகாமிடுபவர்களுமாகச் சமீப ஆண்டுகளில் 12,000-க்கும் மேற்பட்ட இடங்களில் சுமார் 40,000 பேர் தங்குகிறார்கள். கொஞ்ச நாள் அது ஒரு நகராட்சி. குளியல் அறைக்கு வரிசை, டிராக்டர் இழுக்கும் வண்டியில் சவாரி, ஓடுபாதை ஓரத்தில் புகை பிடிக்கத் தடை. இறக்கை மேலே இருக்கும் விமானக்காரருக்கு நிழல் இலவசம். இறக்கை கீழே இருப்பவர் அதைத் துணி காயப்போடப் பயன்படுத்துகிறார். பிற்பகலில் சாகசக் காட்சிக்காக விமான நிலையத்தை மூடிவிடுவார்கள். அப்போதுதான் காதுக்கு எஞ்சின் ஓசையில் கொஞ்சம் மாறுதல்: பக்கத்து செஸ்னாவுக்குப் பதில் இரண்டாம் உலகப் போரின் மஸ்டாங்.

இவ்வளவு பேருக்குச் சொந்த விமானம் எப்படி? எல்லோரும் கோடீஸ்வரர்கள் இல்லை. புதிய 172-ன் விலை நாலு லட்சம் டாலருக்கு மேல் என்பது உண்மை. ஆனால் இந்தப் புல்வெளியில் நிற்பவற்றில் ஏராளமானவை 1960, 70-களில் தயாரானவை. விபத்து வழக்குகளில் நஷ்டஈடு கொடுத்துக் களைத்துப்போன செஸ்னா நிறுவனம், 1986-ல் சிறிய பிஸ்டன் விமானங்கள் தயாரிப்பதையே நிறுத்தியது. 18 வருடம் பழகிய விமானத்துக்குத் தயாரிப்பாளர் பொறுப்பல்ல என்று 1994-ல் சட்டம் வந்த பிறகுதான் மறுபடி தொடங்கியது. அந்த இடைவெளியில் வீட்டில் விமானம் கட்டுகிறவர்கள் வளர்ந்தார்கள். வேலையில் பாதிக்கு மேல் அமெச்சூர் கைகளால் நடந்தால், எஃப்.ஏ.ஏ. அதற்குச் சோதனை விமானம் என்று சான்று தருகிறது. 1986 டிசம்பரில் எரிபொருள் நிரப்பாமல் 9 நாளில் உலகைச் சுற்றிய வாயேஜர், இந்த வீட்டு விமானக்காரர்களின் கதாநாயகரான பர்ட் ரூட்டனின் வடிவமைப்பு. 2025 ஜூலையில், எளிய லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் ஓட்டக்கூடிய விமானங்களின் வரம்பைப் பெரிதாக்கும் புதிய விதியை அமெரிக்கப் போக்குவரத்து அமைச்சர் அறிவித்ததும் ஆஷ்காஷில்தான்.

இந்தியாவில் இப்படி ஒன்றை நினைத்துப் பார்க்கலாம், நினைப்பதோடு சரி. இங்கே சிறு விமானம் கிளம்ப வேண்டுமானால் பயணத் திட்டம் கொடுத்து, விமானப்படையின் வான் பாதுகாப்பு அனுமதி எண்ணும் பெற வேண்டும். பிஸ்டன் எஞ்சினுக்கான ஏவ்கேஸ் 2022 வரை வெளிநாட்டிலிருந்து பீப்பாயில் வந்தது. அந்த ஆண்டுதான் இந்தியன் ஆயில் உள்நாட்டுத் தயாரிப்பை அறிமுகப்படுத்தியது. பெங்களூர் எலகங்காவில் 1996 முதல் நடக்கும் ஏரோ இந்தியா அடிப்படையில் ராணுவ வியாபாரச் சந்தை. மும்பை காந்திவலியில் அடுக்குமாடி வீட்டின் மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டிய விமானி அமோல் யாதவின் கதை தெரிந்ததுதான். 2016-ல் மேக் இன் இந்தியா கண்காட்சியில் எல்லோரும் வேடிக்கை பார்த்த அந்த விமானத்துக்குப் பதிவு எண் 2017-ல் கிடைத்தது. பறந்து பார்க்க அனுமதி 2019-ல். போபெரெஸ்னியின் ஆட்கள் இத்தனை காலத்தில் இன்னொன்று கட்டி முடித்திருப்பார்கள்.

அமெரிக்கச் சுதந்திரத்துக்கும் விலை இருக்கிறது. 2023 ஜூலை 29, சனிக்கிழமை. காலையில் விழாவுக்கு வந்திருந்த டி-6 ரக விமானம் ஒன்று வின்னபேகோ ஏரியில் விழுந்து இருவர் இறந்தார்கள். நண்பகலில் விமான நிலையத்திலேயே ஹெலிகாப்டரும் ஜைரோகாப்டரும் மோதி இன்னும் இருவர். இரண்டுமே சாகசக் காட்சியில் நடந்தவை அல்ல. விமான நிலையத்துக்குப் பெயர் தந்த ஸ்டீவ் விட்மன், பந்தய விமானி, வடிவமைப்பாளர். 1995-ல் 91 வயதில் மனைவியோடு, தானே கட்டிய விமானம் நொறுங்கி இறந்தார்.

அனுபவசாலிகள் அதிகம் பயப்படுவது வருவதைவிடத் திரும்பிப் போவதைக் கண்டுதான். வரும்போது நெரிசல் ஆபத்து, போகும்போது அவசரம். கண்பார்வையில் மட்டுமே பறக்கத் தெரிந்தவர் மேகத்துக்குள் நுழைந்தால், மேல் எது, கீழ் எது என்று உடம்பு சொல்லும் சேதி பொய்யாகிவிடும். சிறு விமான விபத்துகளில் உயிர்ப்பலி அதிகம் வாங்கும் வகை இது. பெரும்பாலும் விஷயம் சாதாரணமாகவே ஆரம்பிக்கிறது: லீவு முடிந்துவிட்டது, குழந்தைக்குப் பள்ளிக்கூடம், பார்த்தால் அவ்வளவு மோசமாகத் தெரியவில்லையே. ஞாயிற்றுக்கிழமை பகலில் புல்வெளி மளமளவென்று காலியாகிறது. திங்கள் காலை ஆபீசில் இருக்க வேண்டிய சிலர் மட்டும் மேற்கே கறுத்துக்கொண்டு வரும் வானத்தைப் பார்த்தபடி, கூடாரத்தை மடிக்காமல், இறக்கைக் கயிற்றை இன்னொரு முறை இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.