மின்சாரம் எழுதும் ஏடு

1930-களில் பைக்காரா மின்சாரம் கோயமுத்தூர் மில்களை ஓட்டத் தொடங்கியது. ஆனால் மின்சாரம் நின்றால் கதிரும் நின்றுவிடும். இன்று நம் வீடுகளிலுள்ள கம்ப்யூட்டரின் வேலை நினைவும் அத்தகையதே. மின்சாரம் தடைப்பட்டால் பாதி எழுதிய கடிதம் மறைந்துவிடுகிறது. அது மறையாதிருக்க, விநாடிக்குப் பல தடவை அந்நினைவைப் புதுப்பித்த வண்ணம் இருக்க வேண்டும். அதற்கே சக்தி ஓயாமல் செலவாகிறது.

மின்சாரத்தை எடுத்த பின்னும் நினைவைக் காக்கும் வஸ்து உண்டா என்று நேயர்கள் கேட்கலாம். உண்டு. புளியிலுள்ள டார்டாரிக் அமிலத்தின் உப்புக்களில் ஒன்று ரோஷல் உப்பு. 1920-இல் அமெரிக்காவில் ஜோஸப் வாலஸெக் என்பவர் அதில் இக்குணத்தைக் கண்டார். அப்பளிங்கின் ஒரு முகத்தில் தன மின்சாரமும் எதிர் முகத்தில் ருண மின்சாரமும் நிற்கின்றன. எதிர்த் திசையில் மின்னழுத்தம் கொடுத்தால் இரண்டும் இடம் மாறுகின்றன. அழுத்தத்தை நீக்கினாலும் மாறியபடியே நிற்கின்றன. ஒரு நிலையை ‘ஆம்’ என்றும் மற்றதை ‘இல்லை’ என்றும் கொண்டால், அதுவே எழுத்தாகிவிடுகிறது.

ஆயினும் இத்தகைய வஸ்துக்களை மிக மெல்லியதாக்கினால் இக்குணம் பெரும்பாலும் மங்கிவிடும். இக்குறைக்கு விலக்காக நிற்பவற்றுள் ஒன்று இந்தியம் ஸெலினைடு. வெங்காயத் தோல்போல் ஏடு ஏடாக அமைந்த பொருள் இது. ஓர் ஏட்டின் கனம், ஒரு மீட்டரில் ஏறக்குறைய நூறு கோடியில் ஒரு பங்கு. அதற்குள் ஐந்து அணு வரிசைகள். நடுவரிசையிலுள்ள ஸெலினியம் அணுக்கள் சற்றே நகர்ந்தால் போதும், மின் திசை புரண்டுவிடும்.

இந்த வஸ்துவில் நம் நாட்டவர் கண்ட அதிசயம் ஒன்றுண்டு. டாட்டாவின் கொடையால் 1909-இல் தோன்றிய பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பவன் நுகலா, சுபம் பராதே ஆகியோரும் அமெரிக்க விஞ்ஞானிகளும் சேர்ந்து 2024-இல் அதை வெளியிட்டனர். ஒருவகை நினைவுக் கருவிகளில் பளிங்கை உருக்கிக் கண்ணாடி நிலைக்குக் கொணர்ந்தே எழுதுகிறார்கள். இவர்களோ இந்தியம் ஸெலினைடு இழையில் மின்னோட்டத்தைச் செலுத்தினர். ஏடுகள் வழுக்கின, மின் திசை வேறுபட்ட பகுதிகள் ஒன்றோடொன்று மோதின, பனிச்சரிவு போல் குலைவு பரவிற்று. உருக்காமலேயே பளிங்கு கண்ணாடியாயிற்று! உருக்கும் முறைக்கு வேண்டிய சக்தியில் நூறு கோடியில் ஒரு பங்கே போதுமாம்.

சோதனைச்சாலையின் வெற்றி சந்தைச் சரக்காவதற்குக் காலம் பிடிக்கும். எனினும் மின்வெட்டின் துன்பத்தை அறிந்த கொங்கு நாட்டுத் தறிக்காரருக்கும் மோட்டார்த் தொழிலாளருக்கும் ஒன்றைச் சொல்லித் தர வேண்டியதில்லை: மீதப்படுத்திய மின்சாரமும் உற்பத்தி செய்த மின்சாரமே.