இலை கருகியது நோயாலா, உப்பாலா?

வேளாங்கண்ணி பகுதியில் சம்பா பயிர் தூர் கட்டும் நேரத்தில் இலை நுனி காய்ந்தால் குழப்பம்தான். பாக்டீரியா இலைக்கருகலா, கடலோர மண்ணின் உவரா? கருகல் என்றால் தேங்கிய நீரை வடித்து, மேலுர யூரியாவை நிறுத்திவைக்க வேண்டும். உவர் என்றால் நல்ல நீர் கட்டி, உப்பைக் கழுவி வடிக்க வேண்டும். மாற்றிச் செய்தால் செலவும் வீண், பயிரும் கெடும்.

படம் பார்த்து இதைப் பிரித்துச் சொல்லும் செயற்கை நுண்ணறிவுக் கருவியை, கணினி மொழி தெரியாதவர்களும் ஒரே மாலையில் செய்து பார்க்கலாம். கூகுள் 2017-ல் அறிமுகம் செய்த 'டீச்சபிள் மெஷின்' இணையதளத்துக்குக் கட்டணம் இல்லை. கருகல், உவர், நல்ல இலை என மூன்று பிரிவுகள் தொடங்கி, ஒவ்வொன்றிலும் 50 படங்களை ஏற்றிப் பயிற்சிப் பொத்தானை அழுத்தினால் போதும்.

முதலில் படங்களைச் சரியாகப் பிரிக்க வேண்டும். கருகிய இலையை வெட்டி, டம்ளரில் தெளிந்த நீரில் நிறுத்துங்கள். வெட்டுவாயிலிருந்து பால் போலக் கசிந்தால் பாக்டீரியா கருகல். வயலில் திட்டுத் திட்டாகப் பயிர் குன்றி, நுனி வெளுத்திருந்தால் உவர் என்று சந்தேகித்து, மண்ணைப் பரிசோதித்து உறுதி செய்யுங்கள்.

பயிற்சிக்குக் காட்டாத 10 படங்களை வைத்துச் சோதியுங்கள். ஒரு பிரிவை வெயிலிலும் மற்றதை நிழலிலும் எடுத்திருந்தால், கருவி இலையை விட்டுவிட்டு வெளிச்சத்தைக் கற்றுக்கொள்ளும். குலைநோய் இலையைக் காட்டினாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் சொல்லும்.

எனவே, மருந்து தெளிக்கும் முன் வேளாண் உதவி அலுவலரிடம் இலையைக் காட்டுங்கள்.